அணைக்கு மறுத்த பணம், பவுண்டுக்கு மறுத்த பணம்

கேள்வி இதுதான்: ஒரு நாட்டுக்குப் பொருளாதார நெருக்கடி கொடுத்தால் அது பணியுமா, முறுக்கிக்கொள்ளுமா? உள்ளூர் அரசியலுக்காகத்தான் தலைவர்கள் வெளிநாட்டுச் சண்டைக்குப் போகிறார்கள் என்பது எந்த அளவுக்கு உண்மை?

பொதுவாகப் பேசினால் இதற்கு எந்தப் பதிலையும் நியாயப்படுத்திவிடலாம். அதனால் ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்: 1956 சூயஸ் நெருக்கடி. அந்த ஆண்டு அமெரிக்கா இரண்டு நாடுகளுக்குப் பணம் இல்லையென்று சொன்னது. ஜூலையில் எகிப்துக்கு, நவம்பரில் பிரிட்டனுக்கு. முதல் மறுப்பு ஒரு போருக்கு வழி திறந்துவிட்டது. இரண்டாவது மறுப்பு அதே போரை நிறுத்தியது. மறுத்தவர்களும் அதே ஆட்கள்தான். பிறகு ஏன் விளைவு இப்படி நேரெதிராகப் போனது? வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கதையில் ராணுவ வரைபடத்தைவிடக் கையிருப்புக் கணக்கைத்தான் அதிகம் பார்ப்பேன். அந்தச் சாய்வு என் பதிலில் இருக்கும்.

எகிப்து வழியாக மத்திய தரைக்கடலையும் செங்கடலையும் இணைப்பது சூயஸ் கால்வாய். அந்தக் கால்வாயின் கதையே கடனில்தான் தொடங்குகிறது. 1869-ல் கால்வாய் திறந்தபோது எகிப்து அரசின் கையில் 44 சதவீதப் பங்குகள் இருந்தன. ஆட்சியாளர் இஸ்மாயில் கடனில் மூழ்கி, 1875-ல் அவற்றை விற்றார். பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ரோத்ஸ்சைல்டு என்ற வங்கியாளர் குடும்பத்திடம் கடன் வாங்கி, 40 லட்சம் பவுண்டுக்கு அவற்றை வாங்கினார். அடுத்த வருடமே எகிப்தின் வரவு செலவை வெளிநாட்டுக் கடன்காரர்கள் மேற்பார்க்கத் தொடங்கினார்கள். 1882-ல் பிரிட்டிஷ் ராணுவம் வந்து இறங்கியது. அது கால்வாய்ப் பகுதியைவிட்டு முழுதாக வெளியேறியது 1956 ஜூன் மாதம். கடன் கொடுத்தவன் பின்னாலேயே சிப்பாயும் வருவான் என்பதை எகிப்தியர்கள் மூன்று தலைமுறையாகப் பார்த்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் ஜூலையில் நடந்தது புரியும்.

அப்போது எகிப்தின் அதிபர் நாசர். அவருடைய பெரிய கனவு அஸ்வான் உயர் அணை. 1955 டிசம்பரில் அமெரிக்கா 5.6 கோடி டாலரும் பிரிட்டன் 1.4 கோடி டாலரும் முதல் கட்டத்துக்குத் தருவதாகச் சொன்னன. உலக வங்கி 20 கோடி டாலர் கடன் தர முன்வந்தது. எகிப்தை சோவியத் பக்கம் சாயவிடாமல் பிடித்துவைப்பதுதான் நோக்கம். ஏனென்றால் அதற்குச் சில மாதம் முன்பே செக்கோஸ்லோவாகியா வழியாக சோவியத் ஆயுதங்களை வாங்க நாசர் ஒப்பந்தம் போட்டுவிட்டார். அதற்கு விலையாகப் பருத்தியைத் தரவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

இந்த அணைப் பணம் வாஷிங்டனில் படிப்படியாகக் கரைந்ததற்கு வெளியுறவு மட்டும் காரணமில்லை. அது தேர்தல் ஆண்டு. தென் மாநில செனட்டர்களின் தொகுதிகளில் பருத்தி விளைந்தது. எகிப்தியப் பருத்திக்குப் பாசன நீர் தேட அமெரிக்க வரிப்பணத்தை ஏன் தர வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இஸ்ரேலை ஆதரித்தவர்களுக்கு நாசரைப் பிடிக்கவில்லை. 1956 மே மாதத்தில் எகிப்து கம்யூனிஸ்ட் சீனாவை அங்கீகரித்ததும் தைவான் ஆதரவாளர்களும் கொதித்தெழுந்தார்கள். மூன்று கூட்டத்துக்கும் தனித்தனிக் காரணங்கள் இருந்தன, ஆனால் மூன்றும் ஒரே கதவைத்தான் தள்ளின. ஜூலை 19 அன்று வெளியுறவு அமைச்சர் டல்லஸ் எகிப்தியத் தூதரை அழைத்து, பணம் கிடையாது என்றார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தத் திட்டத்தைத் தாங்கும் பொருளாதார வலு எகிப்துக்கு இருக்கிறதா என்பதே சந்தேகம் என்று அமெரிக்க அரசு பகிரங்கமாக அறிக்கை விட்டது. நாசர் அன்று யுகோஸ்லாவியாவில் டிட்டோவையும் நேருவையும் சந்தித்துவிட்டு, நேருவோடு கெய்ரோ திரும்பிக்கொண்டிருந்தார். உலகமே கேட்கும்படி உன் நாடு கடன் வாங்கத் தகுதியில்லாத நாடு என்று சொன்னால், இஸ்மாயிலின் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களின் தலைவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவனால் ஆட்சியில் நீடிக்க முடியாது.

ஒரு வாரம் கழித்து, ஜூலை 26 அன்று அலெக்சாந்திரியா பொதுக்கூட்டத்தில் நாசர் பேசினார். கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் டி லெசெப்ஸின் பெயர் பேச்சில் வந்ததும் அதுதான் சங்கேதம். கால்வாய் நெடுகக் காத்திருந்த, நாசரின் பொறியாளர் மஹ்மூத் யூனிஸின் குழுக்கள் நிறுவன அலுவலகங்களுக்குள் நுழைந்தன. பேச்சு முடிவதற்குள் கால்வாய் நாட்டுடைமை ஆகிவிட்டது. கால்வாய் வருமானத்தில் அணையைக் கட்டுவோம் என்றார் நாசர். கூட்டத்தின் ஆரவாரத்தோடு அவருடைய நாற்காலியும் கெட்டிப்பட்டது.

அப்புறம் மேற்கு நாடுகள் நெருக்கடியை இன்னும் இறுக்கின. லண்டனில் இருந்த எகிப்தின் ஸ்டெர்லிங் (பவுண்டு) கணக்குகள் முடக்கப்பட்டன, பாரிஸிலும் வாஷிங்டனிலும் அதே மாதிரி. செப்டம்பர் நடுவில் கால்வாயில் கப்பல்களை வழிநடத்தும் வெளிநாட்டு பைலட்டுகள் பெரும்பாலோர் வேலையைவிட்டுப் போனார்கள். அவர்கள் இல்லாமல் கால்வாய் ஸ்தம்பித்துவிடும் என்பது கணக்கு. எகிப்தியப் பைலட்டுகளும் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டவரும் இரவு பகல் பார்க்காமல் கப்பல்களை நகர்த்தினார்கள். கால்வாய் ஓடியது. நெருக்கடி கொடுத்தவர்களே எகிப்தியர்களுக்குத் திறமையை நிரூபிக்க ஒரு மேடை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆகஸ்டில் லண்டனில் 22 நாடுகள் கூடின. கால்வாயைச் சர்வதேச நிர்வாகத்தில் வைக்கும் டல்லஸ் திட்டத்தை 18 நாடுகள் ஏற்றன. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, சோவியத் யூனியன் நான்கும் ஏற்கவில்லை. இந்தியாவின் சார்பில் கிருஷ்ண மேனன் எகிப்தின் இறையாண்மையை ஒப்புக்கொள்ளும் மாற்றுத் திட்டம் ஒன்றை வைத்தார். அதைக் கவனமாகப் படித்திருந்தால் நாசர், பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் இரண்டு பேருக்குமே முகம் கெடாத வழி அதில் இருந்தது என்பது என் எண்ணம். அதைக் கேட்கும் மனநிலையில் லண்டன் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பிரதமர் ஈடனின் வீட்டு நிலவரத்தைப் பார்க்க வேண்டும். சர்ச்சிலின் நிழலில் பல வருடம் காத்திருந்து 1955-ல் பதவிக்கு வந்தவர். வந்த சில மாதங்களிலேயே உறுதி போதாதவர் என்று அவருடைய கட்சிப் பத்திரிகைகளே எழுதத் தொடங்கிவிட்டன. எகிப்திலிருந்து படைகளை வாபஸ் வாங்கும் 1954 ஒப்பந்தத்தைச் செய்தவரே அவர்தான். அதற்காகக் கன்சர்வேடிவ் கட்சிக்குள் சூயஸ் குழு என்ற பெயரில் ஒரு கூட்டம் அவர்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. உடல்நிலையும் மோசம். பித்தப்பை அறுவை சிகிச்சை சரியாக அமையாமல் அடிக்கடி காய்ச்சலில் படுத்தார். 1938-ல் பிரதமர் சேம்பர்லின் சர்வாதிகாரிகளுக்கு விட்டுக்கொடுத்த இணக்கப் போக்கை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தவர் என்பதுதான் அவருடைய பெயருக்கே மூலதனம். நாசரை அவர் இன்னொரு முசோலினியாகப் பார்த்தார். மேற்கு ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கால்வாய் வழியாக வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் எண்ணெய் நின்றுவிடவில்லை, கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. பயப்பட வேண்டிய அளவைத் தாண்டி அவரைத் தள்ளியது கட்சிக்குள் இருந்த அந்த மூச்சுமுட்டல்தான் என்று நினைக்கிறேன்.

பிரான்ஸில் சோஷலிஸ்ட் பிரதமர் கி மொலேவுக்குத் தலைவலி, பிரான்ஸ் ஆண்ட அல்ஜீரியா. அங்கே 1954 நவம்பரில் வெடித்த கிளர்ச்சிக்கு நாசர்தான் உயிர்நாடி என்று பாரிஸ் நம்பியது. உள்நாட்டிலேயே தீர்க்க முடியாத ஒரு போருக்கு வெளியே ஒரு தலையைத் தேடினார்கள். இஸ்ரேலுக்கு காஸா எல்லைத் தாக்குதல்களும் தன் தெற்குத் துறைமுகத்துக்குப் போகும் வழியான டிரான் நீரிணையை எகிப்து முடக்கியதும். அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸ் அருகே செவ்ரில் மூன்று தரப்பும் ரகசியமாகச் சந்தித்தன. இஸ்ரேல் எகிப்தின் சினாயில் இறங்கும். பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானம் செய்துவைக்கிறோம் என்று உள்ளே வந்து கால்வாயைப் பிடிக்கும். அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். ஈடன் பிறகு பிரதிகளை அழிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் புகுந்தது. 31 முதல் குண்டுவீச்சு. நவம்பர் 5 அன்று கால்வாயின் வடக்கு முனையான போர்ட் சயீதில் பாராசூட் வீரர்கள், மறுநாள் கடல்வழிப் படை. ராணுவக் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே போனது. ஆனால் நவம்பர் 6 நள்ளிரவில் போர்நிறுத்தம்! பிரிட்டிஷ் முன்னணிப் படை போர்ட் சயீதுக்குத் தெற்கே சுமார் 37 கிலோமீட்டர் தூரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

நிறுத்தியது எது? சோவியத் பிரதமர் புல்கானின் ராக்கெட் மிரட்டல் விட்டார், அதுதான் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோவியத் டாங்குகள் அந்த வாரம் ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கிக்கொண்டிருந்தன, லண்டன்மீது ராக்கெட் விழும் என்று பிரிட்டிஷ் அமைச்சரவை மெய்யாகவே பயந்ததாகத் தோன்றவில்லை. அவர்களைப் பயமுறுத்தியது பவுண்டு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்று ஒரு பவுண்டு 2.80 டாலர் என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. இந்தியா, இலங்கை, மலாயா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகள் தங்கள் கையிருப்பையே பவுண்டாக லண்டனில் வைத்திருந்தன. பவுண்டு சரியும் என்று யாராவது நினைத்து விற்கத் தொடங்கினால், இங்கிலாந்து வங்கி டாலர் கொடுத்து வாங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் கட்டிய விலை உடையும். விலை உடைந்தால் ஸ்டெர்லிங் வட்டாரமும் உடையும், உலக நிதி மையம் என்ற பெயரும் போகும். கையிருப்பு 200 கோடி டாலருக்குக் கீழே போகக்கூடாது என்பது லண்டன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கோடு. செப்டம்பரில் 5.7 கோடி டாலர் போனது. அக்டோபரில் 8.4 கோடி. நவம்பரில் 27.9 கோடி. மாதக் கடைசியில் கோடு தாண்டப்பட்டுவிட்டது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே சொன்னவர்கள் இருந்தார்கள். நிதித்துறையின் தலைமை அதிகாரி எட்வர்டு பிரிட்ஜஸ் செப்டம்பர் தொடக்கத்திலேயே எழுதினார்: அமெரிக்கா இல்லாமல் தனியாகப் போனால் நாணயம் தாங்காது. நிதியமைச்சர் மெக்மிலன் அதைப் படித்தார். படித்துவிட்டுப் போர்க் கட்சியின் முன்வரிசையிலேயே நின்றார். செப்டம்பர் கடைசியில் வாஷிங்டன் போனபோது, நவம்பர் 6 தேர்தல் முடியும்வரை எதையும் கிளப்ப வேண்டாம் என்று டல்லஸ் அவரிடம் கேட்டுக்கொண்டார். அமெரிக்க அதிபர் ஐசனோவர் பழைய போர்த் தோழர், கடைசியில் கண்டும் காணாமல் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கையோடு மெக்மிலன் ஊர் திரும்பினார்.

சமாதானத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஐசனோவருக்கு, தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நெருங்கிய கூட்டாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் போர் தொடங்கியது எப்படி இருந்திருக்கும்? ஹங்கேரியில் சோவியத் செய்வதைக் கண்டிக்க வேண்டிய நேரத்தில் எகிப்தில் பிரிட்டன் செய்வதை ஆதரிக்கவும் முடியாது. அமெரிக்க நிதியமைச்சர் ஜார்ஜ் ஹம்ப்ரி வழியாக லண்டனுக்குச் செய்தி போனது: போர்நிறுத்தம் இல்லையென்றால் நெருக்கடியில் நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நிதியத்தில் (ஐ.எம்.எஃப்) உங்களுக்கு ஆதரவு கிடையாது. எண்ணெயிலும் அதே கதை. நாசர் கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தார். சிரியாவில் ஈராக் எண்ணெய்க் குழாயின் நிலையங்கள் தகர்க்கப்பட்டன. ஐரோப்பாவுக்கு மாற்று எண்ணெய் அனுப்பும் அவசரத் திட்டத்தை அமெரிக்கா எடுக்காமலேயே வைத்திருந்தது.

நவம்பர் 6 அமைச்சரவைக் கூட்டத்தில் மெக்மிலன், ஒரே வாரத்தில் 10 கோடி பவுண்டு போய்விட்டது என்றார். உண்மையில் போனது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்று பின்னால் ஆவணங்களைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பதற்றமா, வேண்டுமென்றே பெரிதுபடுத்தினாரா என்பது முடியாத விவாதம். எப்படியிருந்தாலும், முதலில் போருக்குக் கை தூக்கியவரே முதலில் கையைக் கீழே இறக்கினார்.

இங்கே பிரான்ஸைப் பாருங்கள். அக்டோபர் நடுவிலேயே, யாரும் கவனிக்காத நேரத்தில், சர்வதேச நிதியத்திடமிருந்து 26.25 கோடி டாலரைத் தேவைப்படும்போது கடனாக எடுத்துக்கொள்ள முன்னேற்பாடு வாங்கி வைத்துக்கொண்டது. அதனால் பாரிஸ் நவம்பரில் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று சொல்ல முடிந்தது. அதே வாசல் பிரிட்டனுக்கும் திறந்திருந்தது. கேட்டால் பலவீனம் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. கடைசியில் பலவீனம் மிக மோசமான நாளில் தெரிந்தது.

சரி, நாசர் பணியவில்லை, பிரிட்டன் பணிந்தது. ஏன்? பிரிட்டன் அமெரிக்காவைப் பெரிதும் சார்ந்திருந்தது என்பது வெளிப்படையான காரணம். எகிப்துக்கு அணைக்கும் ஆயுதத்துக்கும் மாஸ்கோ என்ற இன்னொரு வாசல் இருந்தது, பவுண்டுக்கு இன்னொரு வாசல் இல்லை. ஆனால் நான் அதிக எடை கொடுப்பது வேறொன்றுக்கு. எகிப்தை நெருக்கியது பகிரங்கமாக நடந்தது. அதில் பணிந்திருந்தால் நாசருக்கு உள்நாட்டில் எதுவும் மிஞ்சியிருக்காது, எதிர்த்ததால் எல்லாம் கிடைத்தது. பிரிட்டனை நெருக்கியது தொலைபேசியிலும் நிதியமைச்சகக் கணக்குப் புத்தகத்திலும் நடந்தது. வலி நேராகப் போய் விழுந்தது கன்சர்வேடிவ் கட்சியின் சொந்த ஆட்கள்மேல், அதாவது லண்டன் நகர வங்கிகள்மேலும் சேமிப்பாளர்கள்மேலும். அமைச்சரவைக்குள்ளேயே அந்த வலியை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தார், பிரதமர் வீழ்ந்தால் அந்த இடத்துக்கு வரக்கூடியவரும் அவரே.

வெளியே டிரஃபால்கர் சதுக்கத்தில் நவம்பர் 4 அன்று லேபர் கட்சியினர் ஆயிரக்கணக்கில் கூடிப் போரை எதிர்த்தார்கள். துணை அமைச்சர் அந்தோணி நட்டிங் ராஜினாமா செய்தார். அவர்களுடைய தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு மறுநாள்தான் பாராசூட்டுகள் இறங்கின.

அந்தப் பகிரங்கம் பற்றிய விஷயம் பிரிட்டனிலும் பிறகு தெரியவந்தது. போர்நிறுத்தம் போதாது, படையை நிபந்தனையில்லாமல் விலக்க வேண்டும் என்று அமெரிக்கா நின்றபோது, 100-க்கும் மேற்பட்ட கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் அமெரிக்காவைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். நெருக்கடி வெளியே தெரிந்ததும் தன்மானம் எழுந்தது. உடல்நலம் குன்றிய ஈடன் ஜமைக்காவுக்கு ஓய்வெடுக்கப் போயிருந்தார். பணியவே முடியாதவர் ஊரில் இல்லாத அந்த மூன்று வாரத்தில்தான் மூத்த அமைச்சர் பட்லரும் மெக்மிலனும் விலக்கத்தை முடிவு செய்தார்கள். டிசம்பர் 3 அன்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 10 அன்று சர்வதேச நிதியம் 56.1 கோடி டாலரை உடனேயும், 73.8 கோடியைத் தேவைப்படும்போதும் எடுத்துக்கொள்ள அனுமதித்தது. ஜனவரியில் ஈடன் விலகினார், மெக்மிலன் பிரதமரானார்.

தேர்தல் பயம் இருந்தால் அமெரிக்கத் தலைவர்கள் நட்பு நாட்டை நெருக்கமாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு அடுத்த கட்டத்தையும் சொல்ல வேண்டும். இஸ்ரேல் 1957 தொடக்கத்திலும் காஸாவைவிட்டும் டிரான் கரையைவிட்டும் போகவில்லை. தடை விதிப்போம் என்று ஐசனோவர் எச்சரித்தபோது, செனட்டில் இரு கட்சித் தலைவர்களான லிண்டன் ஜான்சனும் நோலண்டும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஐசனோவர் பிப்ரவரி 20 அன்று தொலைக்காட்சியில் நேராக மக்களிடம் பேசினார். மார்ச்சில் இஸ்ரேல் விலகியது. இரண்டாம் முறை வென்று மூன்று மாதம் ஆன அதிபரால் முடிந்த காரியம் அது. அதற்கு முந்தைய கோடையில் அதே ஆள் பருத்தி செனட்டர்களோடு மோத விரும்பவில்லை.

உள்ளூர் அரசியலுக்காகப் போருக்குப் போவது பற்றிய இரண்டாம் கேள்விக்கு, பிரிட்டன் ஆண்ட, அர்ஜென்டினா உரிமை கொண்டாடிய ஃபாக்லாந்து தீவுகள் இன்னும் தெளிவான சாட்சி. 1982 மார்ச் 30 அன்று விலைவாசியையும் ராணுவ ஆட்சியையும் எதிர்த்து அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் ஐரிஸில் தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின. ஏப்ரல் 2 அன்று ராணுவ ஆட்சியாளர் கால்டியேரியின் படை தீவுகளைப் பிடித்தது. திட்டம் முன்பே இருந்தது, ஆனால் அந்தத் தேதி தானாக அமையவில்லை. அதே நகரத்தில் கூட்டம் இப்போது அவரை வாழ்த்தியது. ஜூனில் தோல்வி வந்ததும் அந்த வாழ்த்தே அவரை இறக்கியது.

சூயஸில் சாதாரண மக்கள் என்ன கொடுத்தார்கள் என்பதும் விட்டுப்போகக்கூடாது. போர்ட் சயீதில் வீடுகள் எரிந்தன, மக்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிரிட்டனில் டிசம்பர் முதல் மே வரை பெட்ரோல் ரேஷன். மதராஸிலிருந்தும் கொழும்பிலிருந்தும் லண்டன் போன கப்பல்கள் 1957 ஏப்ரல்வரை ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின.

அணை என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1958-ல் சோவியத் யூனியன் முதல் கட்டத்துக்குக் கடன் கொடுத்தது, 1970-ல் வேலை முடிந்தது. அதே 1958-ல் கால்வாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு நஷ்டஈடு தர எகிப்து ஒப்புக்கொண்டது. அந்தப் பேச்சுவார்த்தையை நடத்திவைத்தவர் உலக வங்கித் தலைவர் யூஜின் பிளாக், அணைக் கடனுக்காக நாசரிடம் முதலில் பேசிய அதே மனிதர். 1959 டிசம்பரில் அந்த வங்கி எகிப்துக்கு 5.65 கோடி டாலர் கடன் கொடுத்தது, கால்வாயை அகலமும் ஆழமும் ஆக்குவதற்காக.